ஆறு அறை ரிவால்வர்

செஞ்சி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த பூவராகவனுக்கு ஒரே ஒரு பைத்தியம்தான் உண்டு. சண்டைக்காலத்தில் ராணுவக் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தபோது பிடித்தது. வெள்ளைக்கார ஆபீசர்களின் ரிவால்வருக்கு வரும் 'நாலு அம்பத்தஞ்சு' தோட்டாதான் அது.

"ரைஃபிள் தோட்டா ஊசி மாதிரி, தொளைச்சிட்டுப் போயிடும். இது அப்டியில்ல. குள்ளம், குண்டு. மெதுவாத்தான் போவும். ஆனா பட்ட எடத்துலயே ஆள உக்கார வச்சிடும்" என்று ஆணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் ஒருநாளும் சுட்டதில்லை. சுடப்பட்ட ஆளைப் பார்த்ததும் இல்லை. வெடித்து முடிந்த பித்தளைக் கூடுகள் பதினேழு சேர்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவற்றைப் புளி போட்டுத் தேய்ப்பார்.

"சாமி வெளக்க தேய்க்கச் சொன்னா மட்டும் கை வலிக்குது" என்பாள் மனைவி கமலாம்பாள்.

அறுபத்து நாலாம் வருஷம் புரட்டாசியில், சிங்கவரத்துப் பூவாயி களைக்கொத்து வாங்கக் கடைக்கு வந்தாள். அவள் புருஷன் பாவாடை தை மாசம் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். ஒற்றையாளாக நிலத்தில் மல்லாட்டை, நிலக்கடலை, போட்டிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ மேஜை மேல் வைத்தாள்.

"இது இன்னா மொதலாளி? களை வெட்டறப்ப கெடச்சுது."

பூவராகவன் சட்டென்று அதைக் கையில் எடுத்தார். நாலு அம்பத்தஞ்சு. ஈயக் குண்டு கழலாத முழுத் தோட்டா. மண்ணில் கிடந்ததாகவே தெரியவில்லை, நேற்று வார்த்ததுபோல் மின்னியது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்து வட்டத்தில், நடுவை விட்டு ஒரு நூல் தள்ளிச் சின்னக் குழி. ரிவால்வரின் சுத்தியல் வந்து தட்டியிருக்கிறது. தட்டியும் வெடிக்கவில்லை.

"இன்னும் கெடச்சா எடுத்துக்கினு வாம்மா" என்றார்.

வாரம் ஒன்றாக இன்னும் நாலு வந்தன. அத்தனையிலும் அதே குழி, அதே ஒரு நூல் தள்ளி.

"எல்லாம் ஒரே ரிவால்வரும்மா! அதுக்கு ஆறு அறை. இன்னும் ஒண்ணு இருக்கணும்."

பூவாயியின் முகம் மாறியது. "அத்தத் தேட வேணாம் மொதலாளி."

அப்புறம்தான் சொன்னாள். சண்டைக்காலத்தில் மலையடியில் கூடாரம் போட்டிருந்த ஒரு துரை, கயிறு திருடினான் என்று பாவாடையை அந்த நிலத்தில் மண்டி போட வைத்தான். நெற்றியில் துப்பாக்கியை அழுத்தி அஞ்சு தரம் விசையை இழுத்தான். ஒன்றும் வெடிக்கவில்லை. துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவதை இழுக்காமலே தோட்டா எல்லாவற்றையும் உதறிக் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

"அப்பவே தேடிப் பாத்தோம், ஒண்ணுகூட கெடைக்கல. எங்க வூட்டுக்காரரு செத்த பெறகுதான் மேல வருது."

கேட்டும் பூவராகவனுக்கு ஆசை அடங்கவில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் சிங்கவரம் போனார். உச்சி வெயில். பூவாயி கிணற்றடியில் நின்று பார்த்தாளே தவிர தடுக்கவில்லை. ஒரு காக்கை குருவிகூடச் சத்தம் போடவில்லை.

தேடவே வேண்டியிருக்கவில்லை. செடிகளுக்கு நடுவே வெறும் மண்ணில் நின்று மின்னியது. மண்டி போட்டு எடுத்தார். குழியே இல்லை. தொடப்படாத தோட்டா.

அப்போது நெற்றியில் சில்லென்று ஒரு வளையம் பதிந்தது. எதிரில் யாரும் இல்லை. எழ முயன்றார், தொடை அசையவில்லை. 'டிக்' என்றது. உள்ளங்கையில் தோட்டா சூடேறியது. மறுபடி 'டிக்'. அந்தத் தோட்டா ஆளை என்ன செய்யும் என்று எத்தனை பேரிடம், எத்தனை ரசித்துச் சொல்லியிருப்பார்! மூன்று. நாலு. "நான் இல்லைங்க, துரை, நான் எடுக்கலைங்க" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அஞ்சு.

கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆறாவது சத்தம் வரவே இல்லை. வளையம் விலகியது. கையை விரித்தார். ஈயக் குண்டைக் காணோம். வெறும் பித்தளைக் கூடு, அதன் வாயில் கரி. வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது.

தடுமாறிக் கிணற்றடிக்கு வந்து காட்டினார். பூவாயி அதை வாங்கி முகர்ந்தாள்.

"சத்தம் கேட்டுதா மொதலாளி?"

"இல்லம்மா."

"அவுருக்கும் கேக்கல. இன்னும் ஒண்ணு பாக்கி, ஏன் கேக்கல, ஏன் கேக்கலன்னு இருவத்திரண்டு வருசம். சாவறப்போகூட அதே பேச்சு." கூட்டைக் கிணற்றில் போட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம்கூட எழவில்லை.

சாப்பாடு போடும்போது கமலாம்பாள் உற்றுப் பார்த்தாள். "நெத்தியில இன்னா, வட்டமா பதிஞ்சிருக்குது?"

"ஒண்ணுமில்ல. இடிச்சிக்கினேன்."

மூணு நாளில் அந்தத் தடம் மறைந்தது. மற்ற அஞ்சையும் நிலத்தில் கிடந்ததாகச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். கார்த்திகையில் பூவாயி ஒரு கூடை மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மண்டி போட்ட அந்த இடத்தில்தான் காய் திரட்சி என்றாள். கமலாம்பாள் உப்புப் போட்டு அவித்து வைத்தாள். ஒன்றை நசுக்கி வாயருகே கொண்டுபோன பூவராகவன், வெகுநேரம் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலேயே வைத்துவிட்டார்.