நகர்ந்த காலிப்பர்

லாரி மெக்கானிக்குகளில் உடும்பு என்று ஒருவன் இருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் பிடியிலேயே நசுங்கிப் போயிற்று. ஸ்பேனர் எடுக்கச் சோம்பல்பட்டு அவன் விரலால் முடுக்கிய ஒரு நட்டைக் கழற்ற நான்கு பட்டறைகள் முயன்று தோற்று, கடைசியில் அச்சையே அறுத்தார்கள். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தான். மாப்பிள்ளை ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டார். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், கரண்டி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

அந்த மாப்பிள்ளைதான் அன்று லாரியைப் பட்டறைக்குள் விட்டார். முன்சக்கர பிரேக் பேடுகள் தேய்ந்திருந்தன. கையோடு புது காலிப்பர் இரண்டு வாங்கி, பெட்டியில் போட்டுச் சணலால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேடுகளை இடுக்கி மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக்கூடுதான் காலிப்பர். பிரேக்கை மிதித்தால் கவ்வ வேண்டும், காலை எடுத்தால் விட வேண்டும்.

"மச்சான், இடது சக்கரம் கொதிக்குது. பேடோட காலிப்பரையும் மாத்திடுங்க, ரெண்டு பக்கமும்."

"யாரு சொன்னா?"

"சக்கரமே சொல்லுது."

பேடைக் கழற்றிவிட்டு காலிப்பரைக் கையால் தள்ளிப் பார்ப்பது பட்டறை வழக்கம். நகர்ந்தால் இன்னும் ஓடும். நகராவிட்டால் உள்ளே துரு ஏறி இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். உடும்பு இடது பக்கம் தள்ளினான். நகர்ந்தது. வலது பக்கமும் நகர்ந்தது.

"பாத்தீங்களா மாப்ள? வெண்ணெயாட்டம் நகருது."

"நானும் ஒருவாட்டி தள்ளிப் பாக்கறேனே."

"நீங்க ஸ்டியரிங்கைப் புடிங்க, போதும். கையில சத்தில்லாதவன்தான் புதுசு மாட்டுவான்."

மாப்பிள்ளைக்கு வாய் இருந்தது. ஆனால் பட்டறை மச்சானுடையது. பெட்டி பிரிக்கப்படாமல் பெஞ்சுக்கு அடியில் போனது.

மூன்றாம் நாள் மலை இறக்கத்தில் இடது காலிப்பர் கவ்வியதை விடவில்லை. சக்கரம் புகைந்தது, டயர் வெடித்தது, லாரி பாறையில் போய் மோதியது. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். வலது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே இல்லை. பிரேக் மிதிக்கிற கால்.

லாரியைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை நேராக அங்கே வந்தாள்.

"எதைண்ணே தள்ளிப் பாத்தே? காட்டு."

"இடது பக்கம் வெந்துபோச்சும்மா. இனிமே யாரு தள்ளினாலும் நகராது."

"வலது பக்கம் வேகலையே."

அவன் வலது சக்கரத்தைக் கழற்றினான், பேடுகளை உருவினான். அவள் இரண்டு கையாலும் தள்ளினாள். காலை ஊன்றித் தோளைக் கொடுத்து முட்டினாள். அசையவில்லை.

"இப்ப நீ தள்ளு."

"வேண்டாம்மா."

"தள்ளுண்ணே."

ஒரு கையை வைத்தான். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

தங்கை முந்தானையில் கையின் கிரீசைத் துடைத்தாள். "நல்லாத்தான் நகருது. நீயும் கூடவே போயிருந்தா, இறங்கித் தள்ளி விட்டிருக்கலாம்."

அவள் போன பிறகு உடும்பு பெஞ்சுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். சணலில் மாப்பிள்ளை போட்ட முடிச்சு, சாதாரண முடிச்சு. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தான். அவிழ்க்க முடியவில்லை.