பெலிசியாவின் பூண்டு வாசனை

கறி தொடக்கூடாத தவக்காலத்தில் மருமகள் வெளியே கறி தின்றுவிட்டு வருகிறாள் என்று அந்தோணிமேரிக்குச் சந்தேகம். ஒருநாள் சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, சிதம்பரத்துல பிரியாணியா? வாயெல்லாம் பூண்டு மணக்குது!"

"ஐயோ அத்தை, மதியம் தயிர்சாதந்தான்!" என்றாள் பெலிசியா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டெலூரியம் என்ற தனிமம் உடம்புக்குள் போனால் மூச்சு பூண்டு மணக்கும். மணக்கிறவருக்கு அது தெரியாது.

சிதம்பரம் ஆய்வகத்தில் அவள் பிழைப்பே டெலூரியத்தோடுதான். பிஸ்மத் டெலுரைடு என்றொரு படிகம், உள்ளே மின்சாரத்தை விடாது, மேற்பரப்பில் மட்டும் ஓடவிடும். அதை ஏடு ஏடாக உரித்து, தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியின் மேல் வைக்க வேண்டும். இரண்டும் தொடும் இடத்தில்தான் கூத்தே. அங்கே ஓர் அணு அடுக்குக் காற்று படிந்தாலும் போச்சு. அதனால் எல்லாமே காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறை வழியாகத்தான். பொங்கலுக்குப் பிறகு செய்த ஒரு துண்டில் அவள் தேடிய சிக்னல் அழகாக வந்தது. பிஎச்டி மொத்தமும் அந்தத் துண்டில்தான். கட்டுரையை நாளை அனுப்புவதாகப் பேராசிரியர் மணவாளன் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை கையுறையில் சோப்புத் தண்ணீர் தடவினாள். சுண்டுவிரல் இடுக்கில் குமிழி வந்தது. ஓட்டை! காற்று புகுந்தால் காட்டவேண்டிய பெட்டியின் மீட்டர் இத்தனை நாளும் நல்லபிள்ளையாட்டம் சுழியத்திலேயே நின்றிருந்தது, சனியன்.

மணவாளன் பதறவில்லை. "ஓட்டை எப்ப விழுந்துச்சு? போன வாரம்னா நம்ம துண்டுக்கு ஒண்ணுமில்ல. பொங்கலுக்கு முன்னாடின்னா, நாம பாத்தது அழுக்கோட சிக்னலாக்கூட இருக்கலாம். தெரிஞ்சிக்கிட்டு சொல்லும்மா. அதுவரைக்கும் அனுப்பல."

பூண்டு வாசனை எப்போது தொடங்கியதோ, அப்போது ஓட்டை இருந்திருக்கிறது. அதை யாரைக் கேட்பது? கூடவே குடித்தனம் செய்கிற மனிதனைத்தான். குடிகாட்டு ஆலையில் ஷிப்டு முடித்து வந்த கணவன் டேவிட் ராஜை, வண்டியை நிறுத்தக்கூட விடாமல் மறித்தாள்.

"எப்பலேருந்து எங்கிட்ட பூண்டு வாசன?"

அவன் நெளிந்தான். "அத எதுக்கு இப்ப..."

"இந்தத் தவக்காலத்துலதானே? சொல்லுங்க!" கெஞ்சினாள்.

"இல்லம்மா. போன செப்டம்பர்ல, நம்ம கல்யாணம் ஆன புதுசுலேருந்தே இருக்கு. உங்க வீட்டுச் சமையல் அப்படின்னு நெனச்சிக்கிட்டேன். பொண்ணு எடுத்த எடத்தக் கொறை சொன்னா நீ வருத்தப்படுவல்ல?"

பெலிசியாவுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும், ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மணவாளனுக்குப் போன் போட்டாள். "அந்தத் துண்டு வேணாம் சார். திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்."

டேவிட் ராஜ் வண்டியைப் பிடித்தபடியே நின்றான். "நான் அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"கையுறைய மாத்தியிருப்பேன், அவ்ளோதான்."