அளவுப் புத்தகத்தின் எடை

"உத்தரவுல ஒரு பேருதானே போட்டிருக்கு, அந்த ஒரு பக்கத்தை மட்டும்..."

"மொத்தப் புத்தகமும்னுதான் போட்டிருக்கு, கைய எடுங்கக்கா."

தையல்கடை அக்கா கையை எடுத்தாள். அதிகாரி அளவுப் புத்தகத்தைத் தூக்கினார். அது மேசையை விட்டு அசையவில்லை. அதில் அளவு எழுதிக்கொண்ட நானூற்றுப் பன்னிரண்டு பெண்களின் எடையும் அந்தப் புத்தகத்துக்கு இருந்தது. மேசைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஊர் ஆலையில் கொதிகலன் வெடித்திருந்தது. அது வெடிக்கும் என்று நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் எனக் காட்டும் காகிதங்கள் வெளியே வந்திருந்தன. அவற்றை எடுத்து வந்த ஆலைப் பெண்களின் சட்டைக்குள் அக்கா தைத்த உள்பை இருந்தது. உள்பை கேட்டவர்களின் அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவது அவள் வழக்கம். முப்பத்தேழு வட்டங்கள். புத்தகம் போனால் முப்பத்தேழு பேரும் உள்ளே போவார்கள்.

அதைக் கடையிலேயே புரட்டிப் பார்க்கவும் அதிகாரிக்கு வழியில்லை. அலுவலகத்தில், மேலதிகாரி முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. தையல்கடைப் படியேறுவது தன் பதவிக்கு இழுக்கு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

முதல் வாரம் ஆறு பேர் முக்கினார்கள். அடுத்த வருடம் லாரி வைத்து இழுத்ததில் இரும்புக் கயிறு அறுந்தது. அக்கா தினமும் அதை ஒரு கையால் தூக்கி, அடியில் தூசி தட்டிவிட்டு, திரும்ப வைப்பாள்.

"நீங்களே வண்டியில வச்சிருங்களேன்" என்றார் அதிகாரி.

"எடுக்கறது உங்க வேலைன்னு போட்டிருக்கு. தூக்கிக் குடுக்கறது என் வேலைன்னு எங்க போட்டிருக்கு தம்பி?"

மூன்றாம் வருடம் துறைமுகத்திலிருந்து ஒரு பாரந்தூக்கி வந்து தெருமுனையில் நின்றது. முப்பது டன் தூக்குமாம். அக்கா கணக்குப் போட்டாள். அதைத் தாண்ட இன்னும் நூற்று முப்பது பேராவது வேண்டும். அவள் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும்போதே வரிசை அடுத்த தெரு வரை நின்றது. ஒரு கர்ப்பிணி, "ரெண்டு பேரா எழுதிக்கோங்கக்கா" என்றாள். இஞ்சு டேப் ஓயவில்லை. பாரந்தூக்கியின் கொக்கி ஜன்னல் வழியே உள்ளே வந்தபோது வரிசையில் கடைசியாக நின்றவள் அதிகாரியின் அம்மா.

"நீ எதுக்கும்மா இங்க வந்தே? உனக்கு என்ன தைக்கணும்?"

அவள் மகனைப் பார்க்கவில்லை. அக்காவின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"ஒண்ணும் தைக்க வேண்டாம், நீ எழுதும்மா. இந்த மூணு வருஷத்துல உடம்பு வேற போட்டிருக்கேன்."