கவட்டை எலும்பு

குல்பேகம் தேநீர்க் கிண்ணத்தைக் கணவனின் கையில் கொடுக்காமல் பாயில் வைத்தாள். இவாஸ் படுத்தபடியே சிரித்தான். சிரிப்பு இருமலாகி, துணியில் ரத்தமாக முடிந்தது.

“பயமா?” என்றான்.

“எனக்கென்ன பயம்? உங்களுக்குத்தான் பேச மூச்சு இல்ல. இப்ப கையில குடுத்து ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?”

இலையுதிர் காலத்தில் கோழிச்சாறு வைத்த அன்று, இருவரும் கவட்டை எலும்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைத்திருந்தார்கள். அதன்பின் ஒருவர் எதைக் கையில் கொடுத்தாலும், வாங்குபவர் ‘நினைவிருக்கு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கினால் தோல்வி. ஜெயித்தவர் கேட்டதைத் தந்தே தீர வேண்டும். பாமியானில் பனிக்காலம் இப்படித்தான் கழியும்.

“போன தடவை தோத்துட்டு மந்துக் கொழுக்கட்டை அவிச்சீங்களே, நஸீம் அப்பா. மாவு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.”

“அதுக்கு ருசி தெரியல.”

மகன் செத்துப்போன பின்பும் அவள் கணவனை நஸீம் அப்பா என்றே அழைத்தாள். இவாஸின் அண்ணன் கதம்அலிதான் நஸீமைக் கட்டட வேலைக்கு ஈரானுக்குக் கூட்டிப் போனவர். எல்லை மலையில் பனிப்புயல். திரும்பி வந்தது அவர் மட்டும். அன்று அவருக்கு அடைத்த கதவை குல்பேகம் பிறகு திறக்கவே இல்லை.

இவாஸ் படுக்கையில் விழுந்ததிலிருந்து, பனி பெய்யும் போதெல்லாம் யாரோ கூரையேறி அதைத் தள்ளிவிட்டுப் போனார்கள். யாரென்று அவளுக்குத் தெரியும். இறைவனுக்கும் தெரியும். அவள் அண்ணாந்து பார்த்ததில்லை.

மதியம் தாண்டியதும் இவாஸின் மூச்சு கரகரத்தது. தலையணைக்கு அடியிலிருந்து தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து நீட்டினான். அவள் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

“எனக்கு நினைவிருக்கு” என்றான் அவன். “நீ மறந்துட்ட.”

அவள் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள்.

“சரி, தோத்துட்டேன். என்ன வேணும்?”

“நான் போனதும் அண்ணன்தான் என்னைக் குளிப்பாட்டணும்.”

அவள் மாலையைப் பாயில் வைத்தாள்.

“இது ஏமாத்து வேலை.”

“ஆமா” என்றான் இவாஸ்.

மாலைத் தொழுகைக்கு முன்பே அவன் அடங்கிவிட்டான். அவள் அவன் கண்களை மூடி, தாடையைக் கட்டி, கால்களை நேராக்கினாள். அடுத்த வீட்டு தாஜ்வர் வாசலில் நின்று அழுதாள்.

“குளிப்பாட்ட முல்லாவைக் கூட்டிட்டு வரவா, அக்கா?”

தலைக்கு மேல் மண்வாரி பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கீழே நடந்தது கூரையில் இருப்பவருக்கு இன்னும் தெரியவில்லை.

“வேணாம்” என்றாள். “மேல இருக்கறவரை இறங்கி வரச் சொல்லு.”

கதம்அலி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பனியிலேயே நின்றார். அவள் கதவை முழுவதும் திறந்து வைத்துவிட்டு வெந்நீர் காய்ச்சப் போனாள்.

தம்பியைக் குளிப்பாட்டி, கஃபன் துணியில் சுற்றிய பிறகு அவர் சுவரோரம் உட்கார்ந்தார். சட்டைக் கைகள் ஈரமாக இருந்தன. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. குழிக்காக இறுகிய மண்ணைக் கடப்பாரையால் குத்தும் சத்தம் சரிவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

குல்பேகம் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தைப் பாயில் வைக்கக் குனிந்தவள், பாதியில் நின்றாள். பிறகு அவரிடம் நீட்டினாள். அவர் உடனே கை நீட்டவில்லை. கிண்ணம் சுட்டது. அவர் வாங்கும் வரை அவள் கையை இறக்கவில்லை.