இன்சூரன்ஸ் இல்லாத மனிதனின் இரண்டு கைகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று, பிற்பகல் மூன்றேகால் மணி. அமெரிக்காவில் நான் இருக்கும் டல்சா நகரின் பதினோராம் தெருவில் ஒரு பிக்கப் வண்டி என் காரின் கதவில் வந்து மோதியது. ஓட்டி வந்தவனுக்கு இன்சூரன்ஸ் இல்லை.

இன்று நான் கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தி வெர்னீட்டா, என் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இன்னொருவன் என்னை இடித்தவன். "இடிச்சவனுக்கு நன்றி சொல்லி எழுதுற முதல் ஆள் நீதான்" என்கிறார் என் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்: "ராயஸ் டில்மன் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவும் ஒரு"

[அதோடு நிறுத்திவிட்டேன். நிறுத்தியது தெரியட்டும் என்று அழிக்காமல் வைத்திருக்கிறேன். ராயஸ் என்பது நான் வைத்த பெயர்.]

2

கதை உண்மையில் அந்த விபத்துக்கு மூன்று வருடம் முன்னால், வெர்னீட்டாவின் மேஜையில் தொடங்குகிறது. பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். மாநில அரசு எவ்வளவு இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறதோ அதை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் வண்டி ஓட்டியும், அந்தக் கட்டாயம் யாருக்காக என்பது எனக்குத் தெரியாது.

"அது உங்களுக்கு இல்ல கண்ணு" என்றாள் வெர்னீட்டா. "நீங்க இடிக்கப் போற ஆளுக்கு. அவனோட ஆஸ்பத்திரிச் செலவு, அவனோட வண்டி. அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு அடிபட்டா?"

"உங்கள இடிக்கிறவன் வாங்கி வெச்சிருக்கணும்."

"வாங்கலேன்னா?"

"அப்படிக் கேளுங்க! அதுக்குத்தான் இந்தத் தாள். இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சா நம்ம பாலிசியே நமக்குக் குடுக்கும். அது வேண்டாம்னா இதுல கையெழுத்துப் போடணும்."

கையெழுத்துப் போட்டால் மாதத்துக்குக் கொஞ்சம் மிச்சமாகும். பேனாவைத் தாருங்கள் என்று கையை நீட்டினேன். அவள் பேனாவை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"இந்த ஆபீஸ்ல பேனா தீந்துபோச்சு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பாலிசியை விற்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. வெர்னீட்டா, நீ நன்றாயிரு.*

* அன்று வீடு திரும்பும்போது தோன்றியது: இந்த ஊரில் நாம் ஒவ்வொருவரும், இன்னும் முகம் பார்க்காத ஒருவருக்காக மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறோம். முணுமுணுத்துக்கொண்டுதான் வைக்கிறோம். இருந்தாலும் நல்ல ஏற்பாடு.

3

இனி ராயஸ். கூரை வேய்கிறவன். ஆலங்கட்டி மழை பெய்து கூரைகள் உடைந்தால்தான் அவனுக்கு வேலை. அந்த வசந்தத்தில் வானம் ஏமாற்றிவிட்டது. வண்டிப் பதிவைப் புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தான், கார்டை வாங்கி முன்பெட்டியில் போட்டான், அடுத்த மாதம் கட்டவில்லை. இங்கே பாதிப் பேர் செய்கிற வேலை இது. கார்டு கையில் இருந்தால் இன்சூரன்ஸ் இருப்பதாக ஒரு நினைப்பு.

அன்று அவன் தன் மகள் ஷெல்பியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தான். ஒன்பது வயது. விவாகரத்துக்குப் பிறகு வார இறுதி மட்டும் அவனுடையது. இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டான். மூன்றாம் முறை மூன்றரை மணிக்குள் பள்ளி வாசலில் நிற்கவில்லையென்றால் வார இறுதியும் கிடையாது என்று நீதிபதி சொல்லியிருந்தார்.

மணி மூன்றேகால். சிக்னல் மஞ்சளிலிருந்து

[இதை எழுத முடியவில்லை. கண்ணாடி உடையும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தாண்டிப் போகிறேன்.]

4

அவன் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பள்ளி ஆறு நிமிட தூரம். அப்படியே போயிருக்கலாம்.

பின்கதவு திறந்தது. யாரோ என் இருக்கைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் தலையை அப்படியே பிடித்தார்கள்.

"மேடம், தலைய ஆட்டாதீங்க. நான் புடிச்சிருக்கேன்."

"ஒண்ணுமில்ல, நான் எறங்கறேன்..."

"எறங்கவே கூடாது! கூரையிலேருந்து விழுந்த ஒருத்தன நாங்க பதறிப்போய்த் தூக்கிட்டோம் மேடம். இன்னைக்கும் சக்கர நாற்காலிதான். எனக்கு இன்சூரன்ஸ் இல்ல, அதையும் இப்பவே சொல்லிடறேன். திட்டறதா இருந்தா ஆடாம திட்டுங்க."

சிரிப்பு வந்தது. "சிரிக்கவும் கூடாது" என்றான்.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"எடுங்க" என்றேன்.

"கை ரெண்டும் வேலையா இருக்கு மேடம். அடிக்கட்டும்."

ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிடம். போன் ஐந்து முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அவன் விரல்கள் கொஞ்சம் இறுகின. பிடியை விடவில்லை. கழுத்தெலும்பில் விரிசல் இருந்ததென்றும், திரும்பியிருந்தால் கை கால் போயிருக்குமென்றும் மருத்துவர் பிறகுதான் சொன்னார்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷெல்பி என்ற பெண் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. விவாகரத்து, நீதிபதி, பள்ளி எல்லாம் நான் சேர்த்தவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் போனும் இறுகிய விரல்களும்தான். அந்த நேரத்தில் அவன் எதையோ இழந்துகொண்டிருந்தான். அது என்னவென்று கேட்கவில்லை. அதனால்தான் அவனுக்கு ஒரு மகளைக் கொடுத்தேன்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவன் ஓடிப்போகிறான், மகள் கிடைக்கிறாள். இந்த முடிவில் இந்தக் கதையைத் தட்டச்சு செய்ய என் கைகளுக்கு அசைவு இல்லை.

நீதிபதி விவரம் கேட்டு உருகி, அவனை மன்னித்து [போதும். எனக்கே நம்பிக்கை இல்லை.]

நடந்தது இவ்வளவுதான்: ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவன் கையிலிருந்து என் தலையை வாங்கிக்கொண்டார்கள். போலீஸ்காரர் வந்தார். ராயஸ் நீட்டிய கார்டை வாங்கவே இல்லை. வண்டி எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார், இன்சூரன்ஸ் இல்லை என்று நம்பர் பிளேட்டைக் கழற்றினார். என்னைப் படுக்கையில் ஏற்றினார்கள். கையெழுத்துப் போட விடாமல் வெர்னீட்டா காப்பாற்றி வைத்த அந்தப் பாலிசிதான் என் அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுத்தது. ஆனால் அவனிடம் நன்றி என்று சொல்ல வாயெடுத்தபோது ஆக்சிஜன் முகமூடியைப் போட்டுவிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

அதனால் ஆம்புலன்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கதையை நிறுத்துகிறேன். போன் ஐந்தாம் முறை அடிக்கிறது. என்னால் அசைய முடியாது. அவனைக் கையை எடுக்கச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. காருக்குள் வேறு யார் இருக்கிறார்கள், நீங்கள்தானே? இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். அவன் சட்டைப்பையிலிருந்து அந்தப் போனை எடுங்கள். எதிர்முனையில் யாராக இருந்தாலும் சரி, அவன் ஏன் வரவில்லை என்று சொல்லுங்கள்.