கிணற்று நீச்சல்காரர்

பூரணியின் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆம்பூரில் அவர் வேலை பார்த்த தோல் கம்பெனியில் ஒரு வருஷமாக அதைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பூரணியும் கூப்பிட்டதில்லை, அதற்குக் காரணம் வேறு. கட்டியவர் பேரை வாயால் சொல்கிற வழக்கம் அந்த எண்பத்தஞ்சில் குடியாத்தம் பக்கத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அவள் சொல்லாததை நாம் மட்டும் முந்திக்கொண்டு சொல்வானேன். அவர் என்றே வைத்துக்கொள்வோம்.

கம்பெனியில் அவருக்குப் பேர் செக்குமாடு.

வினை நீச்சலில் வந்தது. முந்தின வருஷம், கம்பெனி மனமகிழ் மன்றத்தின் செயலாளர் நிசார் அஹமது பம்பாய்க்குப் போன இடத்தில் எதையோ பார்த்துவிட்டு வந்து, குடியரசு தினத்துக்கு ஒரு புதுப் பந்தயம் வைத்தார். ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியில் கரைக்குக் கரை முந்நூறு கெஜம் நீந்த வேண்டும். ஏறினதும் சைக்கிளை எடுத்து மாதனூர் சாலையில் பத்து மைல். சைக்கிளைப் போட்டதும் மூன்று மைல் ஓட்டம். மூன்றையும் நடுவில் உட்காராமல் முடிக்க வேண்டும். முதல் ஆளாகப் பேர் கொடுத்தவர் பூரணியின் வீட்டுக்காரர்.

கொடுக்க மாட்டாரா பின்னே? ஞாயிறு தவறாமல் பின்னால் பூரணியையும் முன்பாரில் மகள் அமுதாவையும் உட்கார வைத்து, பேரணாம்பட்டைத் தாண்டி மாமனார் வீடு வரைக்கும் மிதிக்கிற மனிதர். ஓட்டத்துக்கும் குறைவில்லை. நீச்சல்தான் சுத்தமாகத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தது பூரணி. சின்ன வயதில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து கிணற்றில் குதித்தவள் அவள். அப்பா வீட்டு வட்டக் கிணற்றில் முப்பத்திநாலு வயது ஆளை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினாள். முதல் மாதம் அம்மிக்கல் போல அடிக்குப் போனவர், ஐந்தாம் மாதம் நிற்காமல் அறுபது சுற்று சுற்றினார். அவருக்குக் கணக்கு விட்டுப்போகக் கூடாது என்று, பூரணி படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டுக்கொண்டு சுற்றுக்கு ஒரு எண்ணாக உரக்கச் சொல்வாள்.

கிணற்றுக்குச் சுவர் உண்டு, ஏரிக்குச் சுவர் கிடையாது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பந்தயத்தன்று மற்றவர்கள் எதிர்க்கரையைப் பார்த்து நீந்த, அவர் மட்டும் பழக்க தோஷத்தில் இடப்பக்கமாகவே வளைந்தார். வளைந்து வளைந்து கிளம்பின கரைக்கே வந்து சேர்ந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாம் தடவை, காவலுக்குப் படகில் இருந்த கலீமுல்லா மூங்கிலை நீட்டினார். மூங்கிலைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று விதி.

"புடிச்சிக்கப்பா செக்குமாடு, போதும்" என்றார் கலீமுல்லா. கரை முழுக்கச் சிரித்தது.

அவர் வேலை பார்ப்பதோ டிரம் செக்ஷனில். தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம்மோடு எட்டு மணி நேரம் நின்றால் ஆளும் சுற்றத்தான் செய்வான் என்று அதற்கு ஒரு விளக்கமும் கிளம்பியது. கேன்டீனில் அந்தப் பேர், கேட்டில் அந்தப் பேர். எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டுப் போனார். ஒருநாள் அமுதா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவளைச் செக்குமாட்டுப் பொண்ணு என்றார்களாம். அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

"அடுத்த வருஷம் தாண்டிட்டா வுட்ருவாங்க இல்ல?" என்று கேட்டார்.

"வுட்ருவாங்க" என்றாள் பூரணி. தாண்டாவிட்டால் அந்தப் பேர் மகள் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தப்பு தன்னுடையது என்றே அவள் நினைத்தாள். அதனால் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைத்தாள். இரண்டு மாதத்தில் வலப்பக்கம் வளைய ஆரம்பித்தார். குறுக்கே நேராக நீந்தச் சொன்னாள். நாலு கை போட்டால் சுவர் வந்துவிடுகிறது. ஏரியில் பழகலாம் என்றால், கார்த்திகை மழைக்கு முன்னால் அதில் ஆடுதான் மேயும்; நிறைந்த பிறகு அங்கே இறங்கினால் கேலிக்குக் கூட்டம் கூடிவிடும். அவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மார்கழி விடியலில், பல் கிட்டிக்கிற தண்ணீரில், தோலும் சுண்ணாம்பும் மணக்கிற உடம்போடு இறங்கி, அவள் சொன்னபடியெல்லாம் நீந்தினார். ஊர் கேலி செய்கிற ஒரு காரியத்தை, இத்தனை பொறுமையாக ஒரு மனிதன் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா என்று படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பெருமையாக இருக்கும். வாயில் எண் மட்டும்தான் வரும்.

கடைசியில் ஒரு யோசனை செய்தார்கள். எதிர்க்கரையில் அவள் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட லுங்கியைக் கழியில் கட்டித் தூக்கிப் பிடிப்பது. அவர் அதைப் பார்த்தே வருவது.

குடியரசு தினத்தன்று காலை ஏழு மணிக்குக் கழியோடு கரைக்குப் போனவள் திகைத்து நின்றாள். பொங்கலுக்குக் கம்பெனி ஆளுக்கொரு லுங்கி கொடுத்திருந்தது. எல்லாம் ஒரே தறியில் வந்த சிவப்புக் கட்டம். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கட்டியிருந்தார்கள். அவள் கழியில் கட்டியிருந்ததும் அதுவேதான். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இது முன்னாலேயே உறைக்க வேண்டாமா? போதாததற்கு, வெயில் கிழக்குக் கரையில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து, நீந்துகிறவர்கள் கண்ணுக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது.

விசில் ஊதியது. இருபத்தொரு பேர் இறங்கினார்கள். நூறு கெஜம் வரைக்கும் அவர் கூட்டத்தோடு வந்தார். கூட்டம் முன்னால் போய்த் தனியானதும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லப் பழையபடி இடப்பக்கம் மதகைப் பார்த்து வளைய ஆரம்பித்தார். பூரணி கழியை ஆட்டினாள். பலன் இல்லை. கலீமுல்லாவின் படகு அவர் பின்னால் திரும்பியது. மூங்கில் மேலே எழுந்தது.

"நம்ம செக்குமாடு கிளம்பிட்டாருங்கோ" என்று மைக்கில் சொன்னார் நிசார் அஹமது. பூரணி நின்ற கரையில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு புளியமரத்திலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அதை ஏரி முழுக்கச் சொல்லின.

பூரணி கழியைப் போட்டுவிட்டு நிசார் அஹமது எதிரில் போய் நின்றாள். கம்பெனி ஆட்கள் முன்னால் தலை நிமிராத பெண் அவள்.

"அண்ணே, அத கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏம்மா? நீயே மைக்ல பேர் சொல்லிக் கூப்புடேன். திரும்புவாரு."

"அது வேணாண்ணே. ரெண்டு பக்கமும் கேக்குது. அவருக்கு ஒரு பக்கம் கேக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்த நிசார் அஹமது ஒலிபெருக்கியை நிறுத்தினார். பூரணி கரையேறும் இடத்தில் நட்டிருந்த கம்பத்தருகே, புடவையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. கூப்பிட அவளிடம் வேறு ஒன்றுதான் இருந்தது.

"ஒண்ணு" என்று கத்தினாள்.

கிணற்று நீச்சல் தலையைத் தூக்கி அடிக்கிற நீச்சல். காது தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். "ரெண்டு" என்றபோது அவர் கை நின்றது. "மூணு" என்றபோது தலை திரும்பியது. நூற்றுக்கணக்கான ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுகளில் ஒரே படியிலிருந்து வந்த குரல். அவர் அதைப் பார்த்து உடம்பைத் திருப்பினார்.

கூட்டத்துக்கு உற்சாகம் வந்து "நாலு" என்று கூடச் சேர்ந்து கத்தியது. பூரணி திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அந்தக் கைக்குக் கம்பெனி முதலாளிகூட அடங்கியிருப்பார். அத்தனை பேரும் வாயை மூடினார்கள். ஏரிக்கரையில் அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. பத்து, பதினைந்து, இருபது. கொஞ்சம் வளைவார், அடுத்த எண் வந்ததும் நேராவார். கண்ணை மூடிக்கொண்டே வந்தார் என்று கலீமுல்லா பிற்பாடு சொன்னார். முப்பதைத் தாண்டும்போது கலீமுல்லா மூங்கிலைப் படகுக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

நாற்பத்தேழில் அவர் கை பூரணியின் காலருகே மண்ணைத் தொட்டது. எழுந்தார். இருபது பேரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

"போங்க" என்றாள். அதற்குள் அவள் தொண்டை பாதி போயிருந்தது.

போனார். எப்படிப் போனார் என்பதை ஆம்பூர் ரொம்ப நாள் பேசியது. பின்னால் ஒருத்தி, முன்னால் ஒருத்தி என்று பழகிய கால்களுக்கு வெறும் சைக்கிள் ஒரு சுமையா? திரும்பும் இடத்தில் ஒன்பது பேரைப் பிடித்தார். சைக்கிளைப் போடும்போது அவருக்கு முன்னால் ஆறு பேர்தான். ஓட்டத்தில் ஒருத்தர் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மூன்று பேர் தளர்ந்தார்கள். இவர் மட்டும் ஒரே சீராக, ஷிப்டுக்குப் போகிற ஆள் போல ஓடி வந்து, ஏரிக்கரையில் கட்டியிருந்த கயிற்றை மூன்றாவதாகத் தாண்டி மணலில் உட்கார்ந்தார். பூரணிக்கு அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

நிசார் அஹமது மைக்கைப் போட்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு சொன்னார். மூன்றாவதுக்குக் காகிதத்தைப் பார்த்தவர் நிறுத்திவிட்டார். எழுதின கிளார்க் 'டிரம் செக்ஷன் செக்குமாடு' என்றே எழுதி வைத்திருந்தான். நிசார் அஹமது மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் அமுதாவோடு நின்ற பூரணியிடம் திரும்பினார்.

"இதுல தப்பா எழுதிட்டாங்கம்மா. நானும் அப்படியே கூப்ட்டுக் கூப்ட்டு மறந்துட்டேன். உங்க வூட்டுக்காரர் பேர் இன்னா?"

பூரணி வழக்கப்படி மகளை முன்னால் தள்ளினாள். அமுதா வாயைத் திறந்தாள். அதற்குள் பூரணி மணலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், இந்தத் தடவை என்ன பேர் சொல்லுவார்களோ என்று குனிந்திருந்தார்.

மகளின் தோளில் கையை வைத்து நிறுத்திவிட்டு, அவள் மைக்கை வாங்கினாள். இருந்த கொஞ்சம் குரலையும் கூட்டிச் சொன்னாள்.

"நந்தகோபால்."

இரண்டு புளியமரமும் அதைச் சேர்ந்தாற்போல் சொல்லின. எதிர்க்கரையிலிருந்து திரும்பி வந்தது. மணலில் இருந்தவர் வெடுக்கென்று நிமிர்ந்து, எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அமுதா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "அப்பா பேரச் சொல்லிட்டியேம்மா."

"ஆமா, சொன்னேன்" என்றாள் பூரணி.