காலி ரேக்கு கண்ணில் படக் கூடாது

எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. காலி ரேக்கு யார் கண்ணிலும் படக் கூடாது. ஒரு சரக்கு தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பதை இழுத்துப் பரப்பிவிட வேண்டும். நாலே நாலு பாட்டில்தான் இருக்கிறதா, நாலையும் முன்வரிசையில் நிறுத்து. பின்னால் வெறும் காற்று இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "நாளைக்கு வரும்." மேனேஜர் அருள்முருகன் போட்ட சட்டம் இது. 'இல்லை' என்று நாங்கள் யாராவது சொல்லிக் காதில் விழுந்தால் மனுஷனுக்குக் காய்ச்சலே வந்துவிடும். நானும் பல வருஷமாக "நாளைக்கு வரும்" சொல்லிச் சொல்லிப் புதுச்சேரியில் பாதிப் பேரை நடக்க விட்டிருக்கிறேன்.

என் நாத்தனார் இருதயமேரி பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவர். போன நாளிலிருந்து போனில் எனக்கு ஒரே பாட்டுதான்: "இங்க கெடைக்காதது ஒண்ணுமே இல்ல பாத்திமா." அவர் அங்குள்ள கடையைப் பற்றிச் சொல்ல, நான் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல, இரண்டு பேரும் ஏதோ சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் மாதிரி சண்டை பிடிப்போம்.

கொரோனா வந்த புதிதில் அங்கே டாய்லெட் பேப்பருக்கு அடிபிடி. "எங்களுக்கு அந்தக் கவல இல்ல அண்ணி, கொழாயில தண்ணி வருது" என்றேன். அவருக்குக் கோபம். இங்கே ரவையும் நூடுல்சும் காணாமல் போனதை நான் சொல்லவில்லை. பிறகு உக்ரைன் சண்டை வந்தது. அங்கே சூரியகாந்தி எண்ணெய் ஆளுக்கு ஒரு பாட்டில் என்று போர்டு வைத்துவிட்டார்களாம். இங்கே எண்ணெய் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு ஜனங்கள் ரேக்கிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். "அங்க காசு இருக்கு, எண்ண இல்ல. இங்க எண்ண இருக்கு, காசு இல்ல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதுவரைக்கும் கடைச் சண்டை எங்களுக்கு விளையாட்டுதான்.

என் வீட்டுக்காரர் சவரிராயன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். உக்ரைன் சண்டைக்கு முந்தின வருஷம், கொரோனா இரண்டாவது அலையில் அவருக்கும் வந்தது. காய்ச்சல் இறங்கியது, மூச்சு சரியானது, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வாசனை மட்டும் திரும்பவில்லை. சில மாசம் கழித்துத் திரும்பியபோது கோணலாகத் திரும்பியது. வெங்காயம் வதங்கினால் டயர் எரிகிற நாற்றம் என்பார். காப்பியில் சாக்கடை. மீன்குழம்பை விட்டுத் தள்ளுங்கள், மீன் வந்து இறங்குகிற தேங்காய்த்திட்டுப் பக்கம் வேனைத் திருப்பவே பயந்தார். ஒருநாள் நான் சோறு போடக் குனிந்தபோது சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். நாறியது சோறு இல்லை, நான்.

சோப்பை மாற்றினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். மல்லிப்பூ வாங்குவதை நிறுத்தினேன். "ஓம் மேல தப்பு இல்ல பாத்திமா, என் மூக்குதான் கெட்டுப்போச்சி" என்று சொல்லிவிட்டு அவர் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பக்கத்தில் படுத்த மனுஷன். புருஷனுக்கு நாறுகிற பெண்டாட்டி என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்ல டாக்டர், சின்னப் பெண். பொறுமையாகப் பார்த்தார். "தானா சரியாகும்மா. எப்போன்னு எங்களால சொல்ல முடியாது. ஆனா சாப்பாட்ட மட்டும் விட்டுடக் கூடாது" என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அந்தப் பெண் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்காது.

சாப்பிடாமல் எத்தனை நாள் ஓடும்? சட்டை தொளதொளவென்று ஆனது. ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற வழியில் கண் இருட்டி வேனை மரத்தோரம் நிறுத்திவிட்டார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? வேனுக்குள் இருப்பது பிள்ளைகள் ஆயிற்றே.

அடுத்த ஜனவரியில், உக்ரைன் சண்டைக்கு முன்னால், அண்ணி ஊருக்கு வந்திருந்தார். வழக்கம்போலப் பெட்டி நிறையச் சாமான். அதில் இரண்டு பாட்டில் முத்தார்த். கடுகை வினிகரில் அரைத்துப் பிரான்சில் விற்கிற விழுது அது. அங்கே உறவு உள்ள எங்கள் மாதிரி வீடுகளில் அது ஊறுகாய் மாதிரி. தம்பி சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்துவிட்டு, ரொட்டியில் அதைத் தடவி அண்ணி நீட்டினார். இவர் வேண்டாவெறுப்பாக ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏறுதுக்கா! மூக்குல ஏறுது!" என்று கத்தினார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம், சிரித்தோம்.

அன்றிலிருந்து எல்லாவற்றிலும் முத்தார்த். ரொட்டி, இட்லி, தயிர்சோறு, கஞ்சி. அந்தக் காரம் மூக்கில் ஏறுகிற நேரத்துக்குள் நாலு வாய் உள்ளே தள்ளிவிடுவார். முகத்தில் சதை பிடித்தது. சின்னக் கரண்டியால் வழித்து வழித்துப் போட்டும் இரண்டு பாட்டிலும் ஜூனில் தீர்ந்துபோயின.

எங்கள் கடையில் வெளிநாட்டுச் சாமானுக்கு என்று ஒரு ரேக்கு இருக்கிறது. முத்தார்த் அதில் இருந்த காலமும் உண்டு. இப்போது அந்த இடத்தில் தக்காளி சாஸ் வரிசையாக நின்றது. அங்கே அதைப் பரப்பியதே நான்தான். "எப்ப சார் வரும்?" என்று அருள்முருகனைக் கேட்டேன். "நாளைக்கு வரும்" என்றார். என்னிடமே! ஊரில் மற்ற கடைகளிலும் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கடுகு சாஸ் என்று நம்மூர்ச் சரக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே சர்க்கரை. வாயில் வைத்ததும் இவர் துப்பிவிட்டார்.

அண்ணிக்கு வீடியோ கால் போட்டேன். அவர் அப்போது கடையில்தான் இருந்தார்.

"நானே ஒன்கிட்ட எப்டி சொல்றதுன்னு இருந்தேன். இங்கப் பாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

காலி ரேக்கு. ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு நீளம். ஒன்றையும் பரப்பவில்லை, ஒன்றையும் இழுத்து மறைக்கவில்லை. நடுவில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது.

"என்ன அண்ணி எழுதியிருக்கு?"

"சரக்கு வரத்து இல்ல. எப்ப வரும்னு தெரியல. மன்னிக்கணும்னு போட்டிருக்கான். கனடாவுல மழ இல்லாம கடுகு வெளையலயாம். அங்கேர்ந்துதான் இவனுங்களுக்குக் கடுகு வருதாம். மூணு ஊரு சுத்திட்டேன் பாத்திமா. ஒரு வீட்ல பாதி பாட்டில் இருக்குன்னாங்க, வெக்கத்த விட்டுக் கேட்டேன். குடுக்கல."

நான் நின்றிருந்தது எங்கள் கடையின் மளிகை வரிசையில். எனக்குப் பின்னால் கடுகுப் பாக்கெட் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. சின்னக் கடுகு, பெரிய கடுகு, கால் கிலோ, அரைக் கிலோ. நானும் போனைத் திருப்பிக் காட்டினேன். "பாருங்க அண்ணி, உங்க ஊருக்கே அனுப்பலாம்." கிண்டலாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன், குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் அண்ணி காலி ரேக்கைப் பார்த்துக்கொண்டு அழுதார். இந்தப் பக்கம் நான் நிறைந்த ரேக்கைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இங்கே கெடைக்காதது ஒண்ணுமில்லை என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சும்மா இருக்க முடியுமா? அரைக் கிலோ கடுகு வாங்கிப் போய் வினிகரில் ஊறவைத்து மிக்சியில் அரைத்தேன். கறுப்பாகக் கசந்தது. மறுபடி, தோல் நீக்கி, மஞ்சள் கடுகு தேடி வாங்கி, உப்பைக் கூட்டி வினிகரைக் குறைத்து. என் மூக்கில் லேசாக ஏறியது. கசப்பு அதைவிடத் தூக்கல். தீர்ந்துபோன பாட்டிலைக் கழுவி அதில் நிரப்பி, என் வீட்டுக்காரருக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மென்றார். கண்ணை மூடினார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அதேதான்டி. அதேதான்" என்றார்.

நான் அன்றைக்கு நடந்ததா பறந்ததா தெரியாது. அண்ணிக்குப் போன் போட்டு, "உங்க பிரான்சே வாங்கிட்டுப் போவட்டும், நான் அரச்சித் தரேன்" என்று அலட்டினேன். அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இப்ப எல்லா வாடயும் கொஞ்சம் கொஞ்சமா சரியாவுது. ஒன்னோட வாடயும்தான்" என்றார். பழைய இடத்தில், என் பக்கத்தில் படுத்தார். மறுநாள் நான் மல்லிப்பூ வாங்கி வைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அவர் பெல்ட்டை இறுக்கிப் போட ஆணியால் அடித்த புது ஓட்டை ஒன்றைப் பார்த்தேன்தான். பழைய ஓட்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் எதுவும் தெரியாது.

அண்ணி கொண்டுவந்த பாட்டில்கள் இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் நான் அரைத்த கடுகு. இன்னொன்றில் அவ்வப்போது மீந்த சட்னி, துவையல் ஏதாவது இருக்கும். ஆகஸ்டில் ஒருநாள் காலையில் கரண்ட் இல்லை, சமையலறை இருட்டு. அவர் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவசரத்தில் ஃபிரிட்ஜில் கையைவிட்டு எடுத்துத் தடவிக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். கண்ணை மூடினார். துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு நல்லா ஏறுது பாத்திமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரண்ட் வந்த பிறகு பாட்டிலை உள்ளே வைக்கப் போனேன். கையில் இருந்தது பொட்டுக்கடலைத் துவையல். முந்தின நாள் மீந்தது. அதில் மிளகாய்கூட இல்லை. இவருக்காகவே காரமும் பூண்டும் போடாமல் அரைத்தது.

கடைக்குப் போனேன். சாஸ் பாட்டில்களை முன்னால் இழுத்து நிறுத்தினேன், முகம் திருப்பி, வரிசை பிசகாமல். என் வேலை அதுதான். அதே வேலையைத்தான் அந்த மனுஷன் என் வீட்டில் எனக்காகச் செய்துகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார், 'அதேதான்' என்றார், எல்லாவற்றையும் முன்வரிசையில் நிறுத்தினார். பின்னால் ஒன்றும் இல்லை. ஓர் அம்மாள் வந்து, "முத்தார்த் வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எப்ப வரும்னு தெரியாது" என்றேன். அருள்முருகன் கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சாயங்காலம் அவருக்குத் தட்டு வைத்தேன். தயிர்சோறு மட்டும். "கடுகு எங்கடி?" என்றார்.

"காலையில நீங்க சாப்ட்டது கடுகு இல்லீங்க. பொட்டுக்கடலைத் தொவையல்."

தலையைத் தூக்கவில்லை. சோற்றை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார், மறு பக்கம் ஒதுக்கினார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"மொதல் நாள்லேர்ந்தே. நீ பாத்துக்கினு நின்ன. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தோணல." தட்டைப் பார்த்தபடியே, "டயர் வாடதான் அடிக்கிது. முழுங்கிடுறேன். முழுங்க முடியாதப்ப தெரு நாய்க்குப் போட்ருவேன்" என்றார்.

கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தேன். வரவில்லை. கேட்க வேண்டியது ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மாடியிலேர்ந்து எறங்கி வந்தீங்களே. என் வாட சரியாவுதுன்னு சொன்னீங்களே. அது?"

அவர் தட்டின் விளிம்பை விரலால் துடைத்தார். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய்த் தேய்ந்தது. அத்தனை நாளும் அவர் என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். நான் தலையில் பூ வேறு வைத்துக்கொண்டு.

"நாளைக்கு சரியாயிடும்டி" என்றார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புதுச்சேரியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. வெளியே தூறல் போட்டது. அவர் உடம்பு இருக்கிற இருப்பில் மாடி ஒத்துக்கொள்ளாது. தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். என் பாயைச் சுருட்டிக்கொண்டு படியேறினேன்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.